ஏரியலம்மா எழுதிய ‘ஒன்றுமில்லை’

யார் வீட்டில் புதிதாக மைக்ரோவேவ் அடுப்பு வந்து இறங்கினாலும், இரண்டாம் நாளே ஏரியலம்மா வாசலில் வந்து நிற்பாள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாம்பல் நிற வேன். கூரையின் மேல் மீன்முள்ளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல். கழுத்தை விட்டு இறங்காத ஹெட்போன். வேன் தெருமுனையில் திரும்பியதுமே யாராவது ஒருவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“எதையாச்சும் போட்டு வெச்சிருந்தா அணைச்சிடுங்கப்பா. ஏரியலம்மா வர்றாங்க.”

குறுக்கீடு கண்காணிப்பாளர் என்று அவளுக்கு உத்தியோகப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி.

ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கமும் குன்றுகள் மறைத்த பள்ளத்தில் ரேடியோ தொலைநோக்கி நின்றது. அறுபது மீட்டர் அகலமுள்ள உலோகக் கிண்ணம். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். கோடிக்கணக்கான வருடம் பயணப்பட்டு வந்து சேரும் அந்த அலைகள் எவ்வளவு மெலிந்தவை என்று புரியவைக்க ஏரியலம்மா ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைச் சொல்லுவாள்.

“நிலாவுல ஒரு செல்போன ஆன் பண்ணி வெச்சாலே எங்க கிண்ணத்துக்குக் கண்ணு கூசும். நீங்க நிலாவுல இல்ல, பக்கத்துத் தெருவுல இருக்கீங்க.”

அதனால் சுற்றிலும் இருபது கிலோமீட்டருக்குச் செல்போன் கோபுரம் கிடையாது. வீடுகளில் கம்பி இழுத்த தொலைபேசிதான். வைஃபை கூடாது. ரிமோட் வைத்து ஓட்டும் பொம்மைக் கார் கூடாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து இருபத்து நாலு வயதில் அந்த வேலைக்கு வந்தாள். மூன்றாம் வருடம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு நகரத்தில் செல்போன் கடை. “புருஷன் விக்கிறதப் பொண்டாட்டி புடிக்கிறா” என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். புதுசில் இவர்கள் இருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வருவார். எல்லைச் சாவடியில் இரண்டு போன்களையும் ஒப்படைத்துவிட்டு வந்து உட்காருவார். பேச்சுக்கு நடுவே கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். இல்லாத போன் அடித்தது போலத் திடுக்கிட்டுப் பார்ப்பார். வேறு ஊருக்கு மாற்றல் கேள் என்று ஒருமுறை சொன்னார். அந்த மாதிரி வேலை வேறு எந்த ஊரிலும் கிடையாது என்று அவள் சொன்னாள். அது உண்மை. வேறு வேலை பார்த்திருக்கலாம் என்பதும் உண்மை. அதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏழாம் வருடம், பஸ் நிறுத்தத்தில் வைத்து அவர் சொன்னார்.

“உன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த வீட்டுல வந்து உக்காந்தா மூச்சு முட்டுது. அவ்வளவுதான்.”

கையெழுத்துகள் போட்டுப் பிரிந்தார்கள். அவருக்கு மறு கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். ஒரு சண்டையாவது போட்டிருந்தால் திரும்ப நினைத்துக்கொள்ள நாலு வார்த்தை மிச்சம் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. ஒன்றும் இல்லாமல் போனதில்தான் வருத்தமே அதிகம்.

பிறகு குடியிருப்பில் இரண்டு அறையும் அவளும். பக்கத்து வீடுகளில் ஆராய்ச்சியாளர்கள் குடிவருவார்கள். மூன்று வருடத்தில் ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். பெயர் மனதில் நிற்பதற்குள் சாமான் ஏற்றும் லாரி வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவள் அவள். அவள் கதவைத் தட்ட ஆளில்லை. அந்தப் பத்து வீடுகளிலும்கூட அவள் உள்ளே நுழைந்ததும் டிவியை அணைப்பார்கள், பேச்சையும் நிறுத்துவார்கள். கையில் ஏரியலைப் பிடித்தபடி சமையலறை, படுக்கையறை, குளியலறை வரை போய்ப் பார்ப்பாள். யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் இருக்கிறார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. உட்காருங்கள் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஹெட்போனை மாட்டினால் போதும். கறகற என்றால் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் விரிசல். ஙொய்ங் என்று காதுக்குள் கொசு சுற்றினால் மட்டமான சார்ஜர். சரசரவென்று தேய்த்தால் மிக்ஸி மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கிறது. மூன்றாம் வீட்டு மாடியில் குழந்தைக்கு விளையாட வாக்கிடாக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தெருவில் நின்றே சொல்லுவாள்.

அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, டாக்டர் மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

டாக்டர் மேடம் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வெகு தொலைவிலுள்ள விண்மீன் திரள்களைப் பற்றி ஆராய்கிறவர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. ஒன்பது வருடங்களில் அவர் ஏரியலம்மாவிடம் முப்பது வாக்கியம் பேசியிருந்தால் அதிகம், அத்தனையும் புகார். அன்றைக்கு அவர் அறைச் சுவரில் நீளமான ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கோடு வெகு தூரம் தரையோடு தரையாக ஓடி, கடைசியில் மாடிப்படி போல ஏறியிருந்தது.

“இதப் பாருங்க. ஒன்பது வருஷமா இந்த கேலக்ஸி சோம்பேறியா படுத்துக் கெடந்தது. இருபத்தாறு நாளா ஏறுது. மூணு மடங்கு ஆயிடுச்சு.”

“நல்லதுதானே மேடம்?”

“நெஜமா இருந்தா நல்லது. யாராவது வீட்டுல எதையாச்சும் மாட்டி வெச்சிருந்தா? அத எழுநூறு கோடி வருஷத்துக்கு முந்தி நடந்ததுன்னு ஒலகம் பூரா எழுதி அனுப்பிட்டு, நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகணும்.”

அப்படி ஒருமுறை நடந்தும் இருந்தது. இளம் வயதில், வேறொரு தொலைநோக்கியில், டாக்டர் மேடம் ஊரைக் கூட்டி அறிவித்த ஒரு சமிக்ஞை, வாகன நிறுத்தத்து இரும்புக் கதவின் மோட்டாரில் போய் முடிந்தது. அதிலிருந்து அவர் எதையும் எளிதில் நம்புவதில்லை.

“கிண்ணத்தை வேற பக்கம் திருப்பிப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு. திருப்பினா விழுது, ஆனா சுத்தமா அடிமட்டத்துக்குப் போகல. ஏதோ ஒண்ணு கலந்திருக்கு. எவ்வளவு கலப்படம், எவ்வளவு அசல்னு எனக்குத் தெரியணும்.”

ஏரியலம்மா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தாள்.

“அந்த கேலக்ஸிக்கு நடுவுல இருக்கறது கருந்துளைதானே மேடம்?”

“ஆமா. நூறு கோடி சூரியன ஒண்ணா அமுக்கி வெச்ச எடை.”

“அதுலேர்ந்து ஒண்ணும் வெளிய வராதும்பாங்க. அப்புறம் எதை நாம கேக்கறோம்?”

டாக்டர் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒரு கேள்வி இவளிடமிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“உள்ள விழுந்துட்டா வராது. விழறதுக்கு முந்தி வாசல்ல நடக்கிற தள்ளுமுள்ளுதான் நமக்குத் தெரியுது. வாயு எல்லாம் சுத்திச் சுத்திச் சூடேறி, கொஞ்சம் உள்ள போகும், கொஞ்சம் ரெண்டு பக்கமும் பீய்ச்சி அடிச்சிட்டு ஓடும். கிட்டத்தட்ட ஒளி போற வேகத்துல. அதுல ஒரு பக்கம் நம்மளப் பாத்து நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த அலை கெளம்பினப்ப பூமியே உண்டாகல.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “நீங்க ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் நான் ‘இருக்கு’ன்னு எழுத முடியும்.”

அடுத்த இரண்டு வாரம் அவள் வேனைவிட்டு இறங்கியது கதவு தட்டுவதற்கு மட்டும்தான். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஓட்டினாள். கோழிப்பண்ணையின் மின்வேலியில் ஒரு கம்பி தளர்ந்து பொறி விட்டுக்கொண்டிருந்தது. அதை முறுக்கி இறுக்கினாள். பள்ளிக்கூடத்தின் மூன்று குழல்விளக்குகளை மாற்றச் சொன்னாள். ஒரு வீட்டில் பழைய குளிர்சாதனப் பெட்டி. அதைத் தூக்கிப் போடுவதற்குள் அந்த வீட்டு அம்மா அழுதுவிட்டார், அது அவருடைய கல்யாணச் சீர். ஒவ்வொன்றும் போனபின் டாக்டர் மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கமிருந்து ஒரே பதில்.

“இன்னும் இருக்கு.”

மூன்றாவது வாரம், தையல்காரர் தெருவில் ஹெட்போனில் ஒரு சத்தம் தட்டுப்பட்டது. சன்னமாக, நகத்தால் மேசையைச் சுரண்டுவது போல, விடாமல். ஏரியலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். தெருக்கோடி வீடு. முன்னறையில் தையல் கடை, நடுவில் முற்றம், பின்னால் இரண்டு அறை.

தையல்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மனைவியை இழந்தவர், மகள் நகரத்தில். வாயில் மூன்று குண்டூசியோடு நிமிர்ந்தார்.

“எங்கிட்ட மிஷினும் இஸ்திரிப்பெட்டியும்தான். போன வருஷமே பாத்துட்டீங்க.”

“மிஷின் இல்ல. பின்னாடி ஏதோ இருக்கு.”

குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தார். எழுந்து வந்து முற்றத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

“பின்னாடி எங்க அக்கா இருக்கா.”

அக்காவுக்கு எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்திருந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. நகரத்திலிருந்து மகள் வாங்கி அனுப்பிய கம்பியில்லா மணி ஒன்று இருந்தது. அக்காவின் கழுத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் கடையில் மணி அடிக்கும். தடை எல்லாம் தெரிந்துதான் அவர் அதை வைத்திருந்தார். பொத்தான் தேய்ந்து உள்ளே சிக்கிக்கொண்டு, அழுத்தாத நேரத்திலும் அலையை விட்டுக்கொண்டே இருந்தது. ஏரியலம்மா அதைக் கட்டில் அருகில் போய் நின்ற ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

வெளியே வந்து சொன்னாள். எந்தக் கருந்துளை, எவ்வளவு தூரம், எவ்வளவு மெலிந்த அலை என்று எல்லாம் சொன்னாள். தையல்காரர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அதாவது, அவ்வளவு தூரத்துல இருக்கறத நீங்க கேக்கணும். அதுக்காக எங்க அக்கா பக்கத்து ரூம்லேர்ந்து கூப்பிடறத நான் கேக்கக் கூடாது.”

அவர் குரலை உயர்த்தவில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ வசவு வாங்கியவள். இப்படி யாரும் கேட்டதில்லை. வேனில் பறிமுதல் படிவம் இருந்தது. ஒரு கையெழுத்தில் அந்த மணியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

“ரெண்டு நாள் குடுங்க” என்றாள்.

டாக்டர் மேடத்திடம் போய்ச் சொன்னபோது, “எடுத்துட்டீங்களா?” என்றார்.

“நாளன்னிக்கு.”

“ஏன் நாளன்னிக்கு?”

ஏரியலம்மா விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் மேடம் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். “சரி. எழுநூறு கோடி வருஷம் காத்துக்கிட்டு இருந்தது. ரெண்டு நாள்ல ஒண்ணும் குடி முழுகிடாது” என்றார்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். வேலைக்கு வந்தபின், கல்யாணத்துக்கும் உடம்பு முடியாததற்கும் அல்லாமல் எடுத்த முதல் விடுப்பு. கம்பிச்சுருள், துளைபோடும் கருவி, பேட்டரியில் அடிக்கும் மணி, மருத்துவமனைக் கட்டிலில் தொங்குமே, அந்த மாதிரி சுவிட்ச் மூன்று, எல்லாவற்றோடும் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். முற்றத்துச் சுவரோரமாகக் கம்பியை இழுத்தாள். சன்னல் சட்டத்தில் துளை போட்டாள். ஆனால் அக்காவின் இடது கையிலும் பலம் அதிகம் இல்லை, சுவிட்ச் அமுங்கவில்லை. இரண்டாவது சுவிட்சும் அமுங்கவில்லை. மூன்றாவதைப் பிரித்து, உள்ளே இருந்த சுருள்வில்லில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு மூடினாள். அதற்கே இரண்டாம் நாள் மதியம் ஆகிவிட்டது.

அக்கா அத்தனையையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பக்கவாதம் எல்லா வார்த்தையையும் அள்ளிக்கொண்டு போய் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது: ‘சரி’. வலிக்குதா என்றாலும் சரி, தண்ணி வேணுமா என்றாலும் சரி. அந்தச் சரி ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி ஒலித்தது. வேண்டாம் என்கிற சரி, போதும் என்கிற சரி, கோபத்தில் ஒரு சரி. ஒலியைப் பிரித்துக் கேட்டே பிழைத்தவளுக்கு இரண்டு நாளில் அது பிடிபட்டுவிட்டது.

“இப்ப அமுக்கிப் பாருங்கக்கா.”

அக்காவின் இரண்டு விரல் அசைந்தது. கடையில் மணி அடித்தது. தையல்காரர் ஓடி வந்தார். அக்கா அவரைப் பார்த்து, பிறகு கண்ணால் ஏரியலம்மாவைக் காட்டி, இன்னும் ஒருமுறை அவரைப் பார்த்து, “சரி” என்றார்.

தையல்காரருக்குப் புரியவில்லை. ஏரியலம்மாவுக்குப் புரிந்தது, சொல்லக் கூச்சமாக இருந்தது. அக்கா விடவில்லை. திரும்பவும் மணி அடித்தார். தையல்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“டீ போட்டுக் குடுக்கச் சொல்றா. ரெண்டு நாளா தண்ணிகூடக் கேக்காம இருந்திருக்கேன் பாருங்க.”

கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏரியலம்மா அந்த டீயைக் குடித்தாள். ஆறிப்போகும் வரை மெதுவாகக் குடித்தாள்.

அதற்கடுத்த வாரம், “சுவிட்ச் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்” என்று போனாள். நாலு நாள் கழித்துத் திரும்பவும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். மூன்றாம் தடவை தையல்காரர், “சுவிட்சுக்கு ஒரு கேடும் இல்லீங்க. நீங்க சும்மாவே வரலாம்” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது. ஏதோ திருடி மாட்டிக்கொண்டது போல எழுந்து வந்தவள் பத்து நாள் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

இதற்கிடையில், பழைய மணியை எடுத்த அன்றே டாக்டர் மேடத்தின் தாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. கிண்ணத்தை வேறு பக்கம் திருப்பினால் இப்போது கோடு சுத்தமாக அடிமட்டத்துக்கு இறங்கியது. விண்மீன் திரளுக்குத் திருப்பினால் ஏறியது. முன்பைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

“இப்ப எழுதலாமா மேடம்?”

“எழுதலாம். ஆனா எனக்கு மனசு வரல.” டாக்டர் மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஒரு தடவை சூடு பட்டவ நான். இந்த இருபது கிலோமீட்டர்ல ஒரு பல்பு கூட எரியாம ஒரே ஒரு தடவை பாத்துட்டா எனக்குத் தூக்கம் வரும்.”

அது வாய் தவறி வந்த ஆசை. அப்படி ஒன்றை யாரும் செய்து கொடுப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. ஏரியலம்மா மின்வாரியத்து மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தாள். எந்தக் கம்பத்தில் என்ன பழுது என்று அவருடைய ஆட்களுக்குக் காசு வாங்காமல் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவந்தவள் அவள். பராமரிப்பு வேலை என்று எப்படியும் மாதம் ஒருநாள் மின்சாரம் நிறுத்துவார்கள். அதை எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். வியாழக்கிழமை முற்பகல் பதினொன்றிலிருந்து நாற்பது நிமிடம் என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்னாள். மருந்தகத்து மருந்துப் பெட்டிக்கு ஐஸ்கட்டி ஏற்பாடு செய்தாள். பஸ் டிரைவரிடம் கெஞ்சி, வண்டியை நிலையத்திலேயே நிறுத்திவைக்கச் சொன்னாள். மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கும் பொறி விடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் வண்டியை உதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

“எதுக்கும்மா இவ்வளவு?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒருத்தருக்கு ஒரு சந்தேகம். தீத்து வைக்கணும்” என்றாள்.

வியாழக்கிழமை அவள் நாற்சந்தியில் வேனை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ரிசீவரை மட்டும் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வழக்கமான இரைச்சல். கறகற, ஙொய்ங், சரசர எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. பதினொன்று அடித்ததும் அது விழுந்தது. ஒரேயடியாக அல்ல, ஒரு பகுதி, அடுத்த பகுதி, குன்றடிவாரம் என்று ஒவ்வொன்றாக. கடைசியில் எங்கோ ஒரு மோட்டார் தள்ளாடி நின்றது. அதற்கப்புறம் ரிசீவரின் சொந்த மூச்சான ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு திசையாக ஏரியலைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. கிண்ணம் தன் பேட்டரி அறையின் தயவில் அந்த நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறதோ, அது அவளுடைய ஏரியலுக்கு எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். யாருக்காக இவ்வளவு காலம் வழி விலக்கிக் கொடுத்தாளோ, அந்தச் சத்தம் அவள் காதில் ஒருநாளும் விழப்போவதில்லை. முதல்முறையாக அது அவளுக்கு உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணில் நீர் வந்தது; துடைக்காமல் விட்டாள்.

மின்சாரம் போனால் எந்த ஊரிலும் நடப்பது இங்கேயும் நடந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வெகுநாள் கழித்துப் பேசிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். வேனுக்குள் இருந்தவளைப் பார்த்து ஒருவர் கையை அசைத்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று சைகையில் கேட்டார். அவள் பத்து விரலை இரண்டு தடவை காட்டினாள்.

பன்னிரண்டரை மணிக்கு டாக்டர் மேடத்தின் அறைக்குப் போனபோது, அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோடு அசையாமல் அதே உயரத்தில் நின்றிருந்தது. ஒரு பல்பு எரியாத அந்த நாற்பது நிமிடத்திலும் அது நின்றிருந்தது.

டாக்டர் மேடம் மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். ‘தரைவழிக் குறுக்கீட்டின் மூலம்’ என்று அதில் ஒரு கட்டம். ஏரியலம்மா பேனாவை வாங்கி ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டது. வேறு படிவம் கேட்டாள்.

“இதுவே இருக்கட்டும்” என்றார் டாக்டர் மேடம்.

அன்று சாயங்காலமே தகவல் உலகம் முழுக்கப் போனது. நாலு நாளில் வேறு இரண்டு தேசத்துத் தொலைநோக்கிகளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்றன. ஐந்து மாதம் அந்த விண்மீன் திரள் அலை வலுத்து, உச்சிக்குப் போய், இறங்கித் திரும்பவும் சோம்பலாகப் படுத்துக்கொண்டது. கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘குறுக்கீடு கண்காணிப்புப் பிரிவுக்கு நன்றி’ என்று இருந்தது. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். ஆனாலும் பெயரைப் போட்டிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள். மறுநாள் நினைக்கவில்லை.

செய்தி உறுதியான அன்று யாரிடம் சொல்வது என்று வேனில் உட்கார்ந்து யோசித்தாள். திரும்ப உள்ளே போய், அலுவலகத் தொலைபேசியில் வெளியூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். “நல்ல விஷயம்தானே, அப்புறம் பேசறேன்” என்றாள். பிறகு வேன் தானாகத் தையல்காரர் தெருவுக்குத் திரும்பியது.

கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் யாரும் வெட்டாமல் அவ்வளவு நேரம் அவள் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. தையல்காரர் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்.

“அத்தன காலம் முந்தி நடந்தது. இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா அது கெளம்பினப்ப கேக்கறதுக்கு இங்க ஆளே இல்ல. பூமியே இல்ல. வந்து சேர்ந்தப்ப நாம இருந்தோம்.”

“சரி” என்றார் அக்கா. எந்தச் சரி என்று ஏரியலம்மாவால் அன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. அக்கா ஒரு பிற்பகலில், தூக்கத்திலேயே போய்விட்டார். தையல்காரர் கடையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன் செல்போன் நம்பரை ஒரு துணித்துண்டில் எழுதிக் கொடுத்தார். அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஒரே வாகனச் சத்தம். “கேக்குதா? கேக்குதா?” என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கேட்டது, என்ன பேசுவதென்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

அவள் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது தங்கை கூப்பிட்டாள். “தனியா கெடந்து என்ன பண்ணப்போற? வந்து எங்களோட இரு. மொதல்ல பத்து நாள் இருந்து பாரு.” போனாள். ஒன்பதாவது மாடி. எல்லோரும் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் அவரவர் போனோடு ஒவ்வொரு மூலையில் ஒதுங்கினார்கள். சோபாவில் கண்ணை மூடிப் படுத்தாள். அலமாரி மேல் மோடம். சமையலறையில் இரண்டு கருவி. மேல் மாடியில் ஒரு மட்டமான சார்ஜர். ஹெட்போன் இல்லாமலே அவள் மனது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. முப்பத்தொன்றில் நிறுத்தினாள். இந்த வீட்டில் இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறது, ஆனால் யாரும் யாரிடமும் பேசவில்லை என்று தங்கையிடம் சொல்ல வாயெடுத்தாள். தங்கையும் போனில்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பஸ் ஏறிவிட்டாள். தங்கை கோபித்துக்கொண்டு பஸ் நிலையம் வரை வரவில்லை.

மறுநாள் புகார்ப் புத்தகத்தில் ஒரு பதிவு இருந்தது: செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து காலை முதல் இரைச்சல். வேனை எடுத்துக்கொண்டு போனாள். சூளைக்கு முந்தின திருப்பத்திலேயே காதில் கறகறவென்று விழுந்தது. லைன்மேன் சைக்கிளில் வந்து ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார்.

“எதும்மா?”

“மேலேர்ந்து ரெண்டாவது பீங்கான்” என்றாள். ஏணி வழுக்காமல் இருக்க அடிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.